மெடலைக் கேட்காதீங்க... தோளைக் கேளுங்க!

காலை ஆறு மணிக்கு வாலிநோக்கம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு யாராவது ஒருத்தர் வீச்சு வலை வீசிக்கொண்டிருப்பார். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, ஒரு மடிப்பைத் தோளில் போட்டு, உடம்பை ஒரு திருகு திருகி விடுவார். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும். ஒருநாள் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம், ‘‘தோள் வலிக்காதா அண்ணே?’’ என்று கேட்டேன். ‘‘தோளா வீசுது? காலும் இடுப்பும்ல வீசுது! கை சும்மா விட்டுக் கொடுக்குது, அவ்வளவுதான்’’ என்றார்.

அந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்கத்தான் நான் முப்பது வருஷம் ஒரு கல்லூரியில் சம்பளம் வாங்கினேன்!

ஆமாம், நான் ஓய்வு பெற்ற எறிதல் பயிற்சியாளன். குண்டு, வட்டு, ஈட்டி, சங்கிலிக் குண்டு... இந்த நாலும்தான் என் பிழைப்பு. கல்யாண வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் ஜனங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். ‘‘உங்ககிட்ட படிச்ச பசங்க எத்தனை மெடல் வாங்கியிருக்காங்க சார்?’’

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட, ‘‘உங்ககிட்ட எறிஞ்ச பசங்க இப்போ எப்படி இருக்காங்க? அவங்க தோளு, முதுகு, முழங்கால் எல்லாம் நல்லா இருக்கா?’’ என்று கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். அதுதான் ஒரு பயிற்சியாளனுக்குச் சரியான பரீட்சை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. பெருமைப்படுகிற கதை இல்லை.

என் கணக்கில் ஒரு கடன்

1990-களின் நடுவில் நடந்தது. கடலோரத்திலிருந்து ஒரு பையன் முதலாம் ஆண்டு சேர்ந்தான். பதினேழு வயசு. சின்ன வயசிலிருந்தே தகப்பனோடு வலை இழுத்த கை. முதல் நாளே குண்டைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். சொல்லிக் கொடுக்காமலே நல்ல தூரம் போட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை!

பல்கலைக்கழகப் போட்டிக்கு ஆறே வாரம்தான் இருந்தது. கல்லூரிப் போட்டியில் ஆண்கள் எறிய வேண்டிய குண்டின் எடை 7.26 கிலோ. காலுக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றாமல், உடம்பைப் பழக்காமல், நேரே அந்தக் குண்டைக் கொடுத்து தினமும் அறுபது, எழுபது தடவை எறிய வைத்தேன். மூன்றாவது வாரம், ‘‘ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல சார்’’ என்றான். ‘‘எண்ணெய் தேய்ச்சுக்கோ. ரெண்டு வலி மாத்திரை போடு. சரியாப் போயிடும்’’ என்றேன்.

இரண்டாவது பரிசு வாங்கினான். கல்லூரி விழாவில் கை தட்டினார்கள். என் பெயரையும் மைக்கில் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவனால் குண்டைக் கழுத்துக்குக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. விளையாட்டு அத்தோடு சரி. வலை இழுக்கிற தொழிலும் போயிற்று.

அன்றைக்கு மேலிடத்தில், ‘‘இந்த வருஷம் கப் வந்தே ஆகணும்’’ என்று நெருக்கினார்கள்தான். ஆனால் அவர்கள் மேல் பழி போட மாட்டேன். மாத்திரை போடச் சொன்ன வாய் என்னுடையது.

தோளுக்குள்ளே என்ன நடக்கிறது?

நம் உடம்பிலேயே ரொம்பவும் சுதந்திரமாகச் சுழலக்கூடிய மூட்டு, தோள் மூட்டுதான். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளுக்கு இருப்பதோ ஆழம் இல்லாத தட்டு. அந்தத் தட்டிலிருந்து எலும்பு நழுவாமல் பிடித்துக்கொள்ள நாலு சின்னத் தசைகள் சுற்றி நிற்கின்றன. வலை வீசிய பெரியவர் சொன்னது போல, வேகம் காலில் பிறந்து, இடுப்பில் ஏறி, முதுகு வழியாகக் கைக்கு வர வேண்டும். காலும் இடுப்பும் வேலை செய்யாதபோது மொத்தச் சுமையும் அந்த நாலு பொடித் தசைகளின் மேல் விழுகிறது. முதலில் வீங்கும். அப்புறம் நைந்துபோகும். கடைசியில் கிழியும்.

இந்த நேரத்தில் வலி மாத்திரை போட்டால் என்ன ஆகும்? வீட்டுக்குள் தீப்பிடித்து மணி அடிக்கிறது. நாம் தீயை அணைக்காமல் மணியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறோம்!

இன்னொரு விஷயம். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சிப் பகுதி இருக்கும். அது இன்னும் முழுசாக இறுகியிருக்காது. அளவுக்கு மீறிய சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அங்கே அடி விழும். அதற்காக, ‘எடை தூக்கினால் பிள்ளை உயரமாக வளராது’ என்று பயப்பட வேண்டாம். அது வெறும் புரளி. தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் நின்று, வயசுக்கு ஏற்ற எடையில், முறையாகச் செய்தால் வளரும் பிள்ளைகளுக்கு எடைப் பயிற்சி நல்லதே செய்யும். ‘தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் நின்று’ என்பதுதான் அதில் முக்கியம்.

அதனால்தான் இன்றைக்கு உலகப் போட்டிகளில் வயசுக்கு ஒரு எடை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயசுக்கு உட்பட்ட பையன்களுக்கு 5 கிலோ குண்டு, பெண்களுக்கு 3 கிலோ. இருபதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 6 கிலோ. அதற்குப் பிறகுதான் ஆண்களுக்கு 7.26. பெண்களுக்கு 4 கிலோ.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1984-ல் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் தூரம் எறிந்தார். இப்படியே போனால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவர்கள் மேல் பாயும் என்று பயந்துபோய், 1986-ல் ஆண்கள் ஈட்டியையே மாற்றினார்கள். எடை மையத்தை முன்னால் தள்ளி, சீக்கிரம் தரை இறங்குகிற மாதிரி செய்தார்கள். வேடிக்கை பார்க்கிறவனின் பத்திரத்துக்காக உலகமே கருவியை மாற்றியது. எறிகிற பிள்ளையின் பத்திரத்துக்காக உள்ளூர்ப் பயிற்சியாளன் ஒரு குண்டை மாற்றக் கூடாதா?

கையில் இருப்பது குண்டு இல்லை, உடம்பு!

பயிற்சியாளர் கையில் பிள்ளையை ஒப்படைக்கிறோம் என்றால் அதன் உடம்பையே ஒப்படைக்கிறோம். அந்தக் கை எப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டு உதாரணங்கள்.

முதலாவது, 1986-ல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப். பெண்கள் குண்டு எறிதலில் கிழக்கு ஜெர்மனியின் ஹைடி கிரீகர் 21.10 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். பதின்பருவத்திலிருந்தே அவருக்கு நீல நிற மாத்திரைகள் கொடுத்து வந்தார்கள். ‘விட்டமின்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது உண்மையில் ஓரல் டுரினபால் என்ற ஸ்டீராய்டு. ஒரு அரசாங்கமே திட்டம் போட்டு, பயிற்சியாளர்கள், டாக்டர்கள் கையாலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்த மாத்திரை. அவர் உடம்பும் குரலும் மாறின. 1997-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆண்ட்ரியாஸ் கிரீகர் என்ற ஆணாக வாழத் தொடங்கினார். ‘யாராக வாழ்வது என்று நானே முடிவெடுக்கும் வாய்ப்பைப் பறித்துவிட்டார்களே’ என்பதுதான் அவருடைய ஆதங்கம். 2000-ல் பெர்லின் கோர்ட்டில் அவர் சாட்சி சொன்னார். அந்த நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவரும், தலைமை டாக்டர்களில் ஒருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

தங்க மெடல் வந்தது உண்மை. அந்தப் பயிற்சியாளருக்கு அன்றைக்கு என்னைப் போலவே கைதட்டலும் கிடைத்திருக்கும்.

இரண்டாவது, நமக்குத் தெரிந்த நீரஜ் சோப்ரா. 2019-ல் அவருக்கு ஈட்டி எறிகிற வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கப்புறம் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் பார்ட்டோனியட்ஸ். உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற பயோமெக்கானிக்ஸ் நிபுணர். கத்தி பட்ட அந்தக் கைதான் 2021 ஆகஸ்ட் 7-ம் தேதி டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து, தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டு வந்தது. 2024-ல் பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளியும் வாங்கியது.

இரண்டு பேர் கழுத்திலும் தங்கம் தொங்கியது. ஆனால் இரண்டும் ஒன்றா? மெடலை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் தோளைக் கேளுங்கள் என்கிறேன்.

‘‘இரும்பைத் தூக்குனா யாரு சார் கட்டுவா?’’

ரிட்டயர் ஆனதும் வாலிநோக்கத்துப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். கடல் காற்று என் பழைய இரும்புக் குண்டுகளைத் தின்ன ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வைப்பேன். சும்மா இருக்க முடியாமல் சாயங்காலங்களில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து மணலில் எறியச் சொல்லிக் கொடுத்தேன். இந்த ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக்கு எறிவது என்ன புதுசா? மருது சகோதரர்கள் காலத்து வளரி, குறி பார்த்து எறிகிற ஆயுதம்தானே!

வந்த பிள்ளைகளில் ஒருத்தி பத்தாவது படிக்கிறவள். நல்ல வாட்டசாட்டம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. நாலு நாள் வந்தாள். அஞ்சாம் நாள் அவளுடைய அம்மா வந்துவிட்டார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். தலையில் உப்புக்கூடை சுமந்து சுமந்து கழுத்து எலும்பு தெரிந்தது.

‘‘சார், ஏற்கெனவே புள்ள தடிச்சுக் கெடக்கு. இரும்பைத் தூக்குனா இன்னும் பெருத்துப் போகும். ஆம்பளை மாதிரி ஆயிடும். யாரு சார் கட்டுவா?’’

அம்மாக்களே, இந்தக் கேள்விக்கு உங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

குண்டு எறிவதால் பெண் ஆணாகிவிட மாட்டாள். ஆண்களுக்குத் தசை திரண்டு வருவதற்குக் காரணமான ஹார்மோன் பெண்கள் உடம்பில் ரொம்பவும் கொஞ்சம்தான் சுரக்கிறது. முறையாகப் பயிற்சி செய்கிற பெண்ணுக்குத் தசை இறுகும், நடை நிமிரும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு கொடுத்தால்தான் விபரீதம்.

எலும்பு என்பது ஒரு சேமிப்புக் கணக்கு. இருபத்தைந்து வயசுக்குள் போடுகிற பணம்தான் பெரும்பாலான முதல். அதற்கப்புறம் எடுப்புதான் அதிகம். மாதவிலக்கு நின்றபிறகு பெண்களுக்கு அந்த எடுப்பு வேகமாகிவிடும். அறுபது வயசில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு முறிகிற பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். சுமை தாங்கிப் பழகிய எலும்புதான் கெட்டிப்படும். ஐந்து முதல் பதினேழு வயசு வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நாம் எட்டாவது படிக்கிற பெண்ணிடம், ‘‘ஓடாதே, குதிக்காதே, உக்காரு’’ என்கிறோம்.

அதற்காகப் பருமன் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எடை கூடிய பிள்ளைக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையை ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடவிட்டுச் சிரித்தால் அது மைதானத்துப் பக்கமே திரும்பாது. குண்டைக் கையில் கொடுத்தால் முதல் நாளே நாலு பேரை ஜெயிக்கும். மறுநாள் தானாகவே வரும். எறிவதற்குக் காலில் பலம் வேண்டும் என்று சொன்னால் தானாகவே ஓடும். கேலியால் இறங்காத எடை, கெளரவத்தால் இறங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன். ‘‘குண்டா இருக்கிறவளுக்குச் சத்து இருக்குன்னு நினைக்காதீங்கம்மா. ரத்தத்தை டெஸ்ட் பண்ணுங்க.’’ 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயசுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இந்தப் பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருந்தது. எறிகிறது அப்புறம், முதலில் டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக் கீரை, கடலை, முட்டை, நம்ம கரையில் மலிவாகக் கிடைக்கிற மத்தி, நெத்திலி என்று ஆரம்பித்தோம்.

அம்மா சமாதானமாகிவிட்டார். ஆனால் கூடவே ஒருத்தர் வந்திருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணின் அப்பா. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். என் பழைய மாணவன்.

அவன் எதுவும் சொல்லவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கினான். தோள் மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். ‘‘இவ்வளவுதான் சார் வருது’’ என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

முப்பது வருஷத்துக் கைதட்டலும் அந்த நிமிஷம் என் காதில் அறைந்தது.

மைதானத்துக்குக் கோடு போடுகிற உத்தியோகம்

‘‘தப்பு என் மேல்தான்’’ என்று அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு விட்டுவிடவும் முடியவில்லை. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று யோசித்தேன்.

நம் ஊரில் படிப்புக்குக் குறைச்சல் இல்லை. ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ல். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் வந்தது 1961-ல். உடற்கல்விக்கென்று தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் படித்துவிட்டு வருகிறவனுக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? பெரும்பாலான கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று ஒரே ஒருத்தர். கபடியும் அவர்தான், கிரிக்கெட்டும் அவர்தான், விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர்தான். என் வேலை உத்தரவில் ‘எறிதல் பயிற்சியாளர்’ என்ற வார்த்தையே கிடையாது. நானாக ஆசைப்பட்டுச் செய்தது. போட்டிக்கு ஆறு வாரம் முன்னால்தான் எல்லாருக்கும் எறிதல் ஞாபகம் வரும். ஆறு வாரத்தில் கப் வேண்டும் என்றால் தோள்தான் கிழியும்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்களில் ஓட்டத்துக்கு ஒருத்தர், தாண்டுவதற்கு ஒருத்தர், எறிவதற்கு ஒருத்தர் என்று தனித்தனிப் பயிற்சியாளர்கள். காயம் பார்க்கவே பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு. மைசூரில் பிறந்து சின்ன வயசில் அமெரிக்கா போன விகாஸ் கவுடா, நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2006-ல் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் வட்டு எறிதல் சாம்பியன். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். அங்கேயும் மெடல் வெறி இல்லாமல் இல்லை. ஆனாலும் ‘எறிதலைச் சொல்லிக் கொடுப்பது ஒரு முழுநேர வேலை’ என்ற மரியாதை இருக்கிறது.

பயிற்சியாளரின் வேலை ஆறு வாரத்தில் முடிகிற வேலை இல்லை என்பதற்கு பகதூர் சிங்கின் வாழ்க்கையே சாட்சி. 1978-ல் பாங்காக்கிலும், 1982-ல் டெல்லியிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்து தங்கம் வாங்கியவர். 1995-ல் இந்தியத் தடகளத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1998-ல் துரோணாச்சார்யா விருது. அவருடைய காலத்தில்தான், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நீரஜ் ஈட்டியிலும், தேஜிந்தர்பால் சிங் தூர் குண்டிலும் தங்கம் வாங்கினார்கள். இருபத்தைந்து வருஷம் அந்தப் பதவியில் இருந்துவிட்டு 2020-ல் விடைபெற்றார். கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப் போனது. தடகளத்தில் முதல் தங்கம் வந்தபோது அவர் பதவியில் இல்லை.

நல்ல பயிற்சியாளன் தென்னம்பிள்ளை வைக்கிறவன் மாதிரி. காய் பறிக்கும்போது அவன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவனிடம் போய், ‘இந்த வருஷக் காய் எங்கே?’ என்று கேட்கிறோம். அவனும் பயந்துபோய் மரத்துக்கு ஊசி போடுகிறான்!

‘‘ஏழைக்கு மெடல்தானே சார் சோறு?’’

இதைச் சொன்னால் என் நண்பர்களே சண்டைக்கு வருகிறார்கள். ‘‘விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, வேலை எல்லாம் சர்டிபிகேட் இருந்தால்தான். மெடல் வேண்டாம் என்று வசதியானவன் சொல்லலாம். மீனவன் பிள்ளை சொல்ல முடியுமா?’’

நியாயமான கேள்வி. மெடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெடலுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன். ஏழைக்குத்தான் உடம்பு முக்கியம். பணக்காரப் பிள்ளைக்குத் தோள் போனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். வலை இழுக்கிறவன் பிள்ளைக்கும், உப்புக்கூடை தூக்குகிறவள் பிள்ளைக்கும் தோள்தான் சொத்து. அதை அடகு வைத்து ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுப்பது உதவி இல்லை.

அரசாங்கத்துக்கும் கல்லூரிகளுக்கும் என் யோசனை ஒன்று உண்டு. எல்லாக் கல்லூரிக்கும் ஒரு எறிதல் பயிற்சியாளர் போட முடியாது, சரி. ராமநாதபுரம், கீழக்கரை, கடலாடி என்று பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒருத்தரைப் பங்கு போட்டுக்கொள்ளலாமே? அவர் வருஷம் முழுக்க வேலை பார்க்கட்டும். அவருக்கு வைக்கிற மதிப்பெண்ணில், ‘எத்தனை பேர் ஜெயித்தார்கள்’ என்பதோடு, ‘எத்தனை பேர் காயம் இல்லாமல் படிப்பை முடித்தார்கள்’ என்பதும் ஒரு கேள்வியாக இருக்கட்டும். இதற்கு ஒன்றும் கோடிக்கணக்கில் செலவாகாது.

பிள்ளையை அனுப்புகிற பெற்றோருக்கு

பயிற்சிக்கு அனுப்பும் முன் வெட்கப்படாமல் இதையெல்லாம் கேளுங்கள்:

* ‘‘என் பிள்ளை வயசுக்கு எத்தனை கிலோ குண்டு?’’ பதில் சட்டென்று வர வேண்டும். ‘‘எல்லாருக்கும் ஒண்ணுதான்’’ என்றால் யோசியுங்கள்.

* ‘‘முதல் மாசம் என்ன செய்வீங்க?’’ காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி என்றால் நல்லது. முதல் நாளிலிருந்தே எறிதல் மட்டும் என்றால் வேண்டாம்.

* ‘‘வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு?’’ தசை வளர்வது ஓய்வில்தான். கடுமையான பயிற்சிக்குப் பிறகு அதே தசைக்கு இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும்.

* ‘‘வலிக்குதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?’’ ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, இரண்டு வாரம் தாண்டிய வலி, கையைத் தூக்க முடியாத பலவீனம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு எறியவே கூடாது.

* பவுடர், ஊசி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். பையன்களுக்கு விரை சுருங்கும், பெண்களுக்குக் குரல் தடிக்கும், அப்புறம் திரும்பாது. முட்டை, மீன், பால், கடலை, பருப்பு போதும்.

* நம் பக்கத்து வெயிலில் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான் பயிற்சி. பக்கத்தில் தண்ணீர்ப் பானை இருக்க வேண்டும். ஈட்டி எறியும் இடத்தில் எல்லாரும் எறிந்து முடித்த பிறகே நடந்து போய் எடுக்க வேண்டும். ஓடக் கூடாது.

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்பீர்கள். அன்றைக்கு அவள் அப்பாவிடம், ‘‘ஒரு வருஷம் குண்டே கொடுக்க மாட்டேன். கால், இடுப்பு, முதுகு மட்டும்தான். நீ தினமும் பக்கத்தில் நின்று பார். ஒரு நாள் வலிக்குதுன்னு சொன்னாலும் கூட்டிக்கொண்டு போய்விடு’’ என்றேன். யோசித்து, சரி என்றான்.

இரண்டு வருஷம் ஆகிறது. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. 3 கிலோ குண்டை எறிகிறாள். மெடல்? இன்னும் இல்லை. போன போட்டியில் நாலாவதாக வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு தெரிந்தவர் வழக்கம் போலக் கேட்டார், ‘‘என்ன சார், மெடல் உண்டா?’’

எனக்கு முன்னால் அவள் அப்பா பதில் சொன்னான். ‘‘மெடல் இல்லண்ணே. ஆனா புள்ளைக்கு எங்கேயும் வலி இல்ல.’’